தரைக்கு எட்டாத கால்கள்

சிவமயம்

விழுப்புரம்
4 பிப்ரவரி 1938

அன்புள்ள அண்ணி அவர்களுக்குச் செண்பகம் வணக்கம்.

நேற்று பள்ளிக்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாராவது கூட்டியோ குறைத்தோ சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். கடலூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஐயா, தலைமை ஆசிரியர் விருத்தாசலம் ஐயா, நான்காம் வகுப்பு டீச்சர் லூர்துமேரி, நான், நம் சின்னபொண்ணு. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அஞ்சம்மாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் இருந்தாள். சின்னபொண்ணின் அப்பாவால் ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து வர முடியவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருகிற இன்ஸ்பெக்டர், நான்காம் வகுப்பில் எதைக் கேட்டாலும் சின்னபொண்ணே முந்திக்கொண்டு சொல்கிறாள் என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார். தண்ணீர் குடிப்பது போல வாசித்தாள். அப்புறம் ஒரு கணக்கு. விழுப்புரத்தில் எட்டு மணிக்குப் புறப்படுகிற ரயில் மணிக்கு இருபது மைல் ஓடினால், இருபத்துநாலு மைல் தள்ளி இருக்கிற திண்டிவனத்துக்கு எப்போது போய்ச் சேரும்?

"அது எந்த ரயிலுங்க? பாஸஞ்சரா இருந்தா முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் எல்லாத்துலயும் நிக்குமே. நிக்கிற நேரத்தைச் சேர்க்கணுமா, வேணாமா?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கேயும் நிற்காத ரயில் என்று வைத்துக்கொள்."

"அப்போ ஒம்பது பன்னெண்டு. ஆனா அப்படி ஒரு ரயிலே கிடையாதுங்க."

"சரி, பெஞ்சில் காலை ஆட்டாமல் உட்கார்."

"ஆட்டலைங்க. அதுவா தொங்குது."

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார், அண்ணி. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இவளுக்கு டபிள் புரமோஷன் கொடுக்கலாம், ஐந்தாம் வகுப்பைத் தாண்டி நேராக முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், இந்த ஜூனில் சேர்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இங்கே பெண்பிள்ளைகளுக்கு ஐந்துக்கு மேல் இல்லை. உங்கள் ஊரில், பாண்டு படிக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். இவரிடம் சொன்னேன். "இன்ஸ்பெக்டரே அஞ்சாவது வேணான்னுட்டாரு. அப்புறம் தெரிஞ்ச பாடத்தைத் திரும்பப் படிக்க எதுக்கு அனுப்பணும்? உங்க அண்ணன் வூட்ல வச்சுக்கினாங்கன்னா திண்டிவனம் போவட்டும். இல்லேன்னா நாலாவதோட வூட்ல இருக்கட்டும்" என்கிறார். சொன்னால் மாற்ற மாட்டார்.

ஆகவே அவளை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அண்ணனிடம் கலந்து எழுதுங்கள். அங்கே எல்லோருடைய உடம்பும் எப்படி இருக்கிறது? உங்கள் முழங்கால் வலிக்கு நொச்சி இலை வைத்துக் கட்டினீர்களா?

செண்பகம்

* * *

திண்டிவனம்
19 பிப்ரவரி 1938

அன்புள்ள செண்பகத்துக்கு அம்மணி ஆசீர்வாதம்.

எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். உங்க அண்ணனுக்கு மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எண்ணிவிட்டு வந்தால் பேனாவைப் பார்த்தாலே பேஜாரு. அதனால் நான் சொல்லச் சொல்லப் பாண்டு எழுதுகிறான். வரியெல்லாம் பள்ளத்துக்கு ஓடுகிற தண்ணி மாதிரி கீழே சரிஞ்சுகினே போகும். தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

சேதி கேட்டதும் உங்க அண்ணன் மண்டியில் இருந்த ஆள்களுக்கெல்லாம் வெல்லம் வாங்கிக் கொடுத்தார். நானும் விளக்கேற்றினேன். முழங்கால் இப்போது தேவலை.

ஒன்று மட்டும் மனசில் உறுத்துகிறது. பாண்டு இப்போது ஐந்தாவது. ஜூனில் அவனும் முதல் பாரம். மூன்று வயசு சின்னவள் அவனோடு ஒரே வகுப்பில் உட்காருவாள். அவளுக்குப் பேர் வைத்த அன்றைக்கு உங்க அண்ணன் தாய்மாமன் வளையலைப் போட்டுவிட்டு, "இது என் வூட்டுக்கு மருமவளா வர்ற பொண்ணு" என்று சபையில் சொன்னாரே, அதை நாம் யாரும் மறக்கவில்லை. கட்டிக்கப் போறவங்க ரெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட அடி வாங்கினா நல்லாவா இருக்கும்? அவரிடம் பேசிவிட்டு எழுதுகிறேன். டேய், ஏண்டா மூஞ்சியைத் திருப்பிக்கினு எழுதற? இதையுமா எழுதிட்ட?

அம்மணி

அத்தைக்கு நமஸ்காரம். அம்மா பேசுவதை எல்லாம் எழுதச் சொல்லிவிட்டு எழுதினால் திட்டுகிறார்கள். — பாண்டுரங்கன்

* * *

விழுப்புரம்
27 பிப்ரவரி 1938

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தைத் தலையைச் சாய்த்தே படித்துச் சிரித்தோம். சின்னபொண்ணுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

இருவரும் ஒரே வகுப்பு என்றால் நல்லதுதானே, அண்ணி. போகவர ஒரு துணை. போன பொங்கலுக்குப் பாண்டு செய்து கொடுத்த மரவண்டியை இவள் இன்னும் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு திரிகிறாள். அச்சு கொஞ்சம்கூட ஆடவில்லை. "பாண்டு மாமா ஆணியே அடிக்காம செஞ்சுது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

நான் எழுத்துக் கற்றது எப்படி என்று உங்களிடம் சொன்னதில்லை. திருவாமாத்தூர் கோயிலில் ஓதுவார் பதிகம் பாடும்போது புத்தகத்தை வாங்கி அவர் வாயையும் எழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கற்றேன். அவர் பாடாத பக்கங்களில் தெரியாத வார்த்தை வந்தால் கேட்க ஆள் இல்லை. அந்த வரிகளை இன்றைக்கும் தாண்டித்தான் போகிறேன். இவள் எதையும் அப்படித் தாண்ட வேண்டாம் என்று பார்க்கிறேன். வகுப்பைத் தவிர.

அண்ணன் என்ன சொன்னார்?

செண்பகம்

* * *

விழுப்புரம்
15 ஏப்ரல் 1938

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

மாசி போய், பங்குனி போய், வருஷப் பிறப்பும் வந்துவிட்டது. உங்கள் கடிதம் வரவில்லை. வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி வைத்தபோது அண்ணனை நினைத்தேன். அவருக்கு வெல்லம் தூக்கலாக இருக்க வேண்டும்.

பரீட்சை முடிந்திருக்குமே. பாண்டு பாஸ் செய்த சேதியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். சின்னபொண்ணு தன் ஸ்லேட்டில் முதல் பாரம் என்று எழுதி, கீழே இரண்டு பேர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள். அழிக்க விடமாட்டேன் என்கிறாள். தினமும் இவரிடம், "மாமா லெட்டர் போட்டாங்களா?" என்று கேட்கிறாள். இவர் என்னைப் பார்க்கிறார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி போதும்.

செண்பகம்

* * *

திண்டிவனம்
3 மே 1938

அன்புள்ள செண்பகம் அவர்களுக்கு அம்மணி எழுதுவது.

இங்கு பாண்டுரங்கனுக்கு அம்மை போட்டிருக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கிறான். வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறது. ஆகையால் நீங்கள் யாரும் வர வேண்டாம். இந்த வருஷம் சின்னபொண்ணை அனுப்புவதற்கு இல்லை. பரீட்சை பற்றி எழுத இப்போது நேரம் இல்லை. உங்கள் அண்ணனும் இப்படியே சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அம்மணி

* * *

விழுப்புரம்
9 மே 1938

அன்புள்ள அண்ணிக்குச் செண்பகம் வணக்கம்.

கடிதம் வந்தபோது நான் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன். சின்னபொண்ணுதான் உரக்கப் படித்தாள். அம்மை என்ற வார்த்தை வந்ததும் முறம் கையிலிருந்து நழுவிவிட்டது. அவள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, சிந்திய கேப்பையைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். முதல் பாரத்துக்காக அழவில்லை, அண்ணி. "பாண்டு மாமாவுக்கு மூஞ்சி எல்லாம் வலிக்குமா?" என்றுதான் கேட்டாள்.

அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாதே, அன்றைக்கே இங்கேயும் தாளிப்பை நிறுத்தினேன். "குழம்பு இன்னா இப்படி கீது?" என்றார் இவர். சொன்னதும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பாண்டு பேரில் கேப்பைக் கூழ் காய்ச்சி ஊற்றினேன். தெருப் பிள்ளைகள் வயிறு நிறையக் குடித்தார்கள். அஞ்சம்மாளுக்கு இரண்டு சொம்பு. சனிக்கிழமை திருவாமாத்தூருக்கு நடந்து போய் அம்பாளுக்கு விளக்கேற்றினேன். அங்கே வட்டப்பாறை இருக்கிறதே, பொய் சொல்லிவிட்டு வந்து நிற்க ஊரே அஞ்சுமே, அந்தப் பக்கம் நான் போகவில்லை. நமக்கு அங்கே என்ன வேலை.

ராத்திரி திரும்பி வந்து, உங்கள் கடிதத்தை நானே எடுத்து மறுபடியும் படித்தேன். தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

படித்து முடித்ததும் என் மனம் அமைதியாகிவிட்டது. அம்மன் கருணை உள்ளவள். மறுநாள் கடுகு தாளித்தேன்.

அம்மன் வந்திருக்கிறாள் என்று சொன்ன வீட்டிலிருந்து அவளை முறைப்படி வழியனுப்ப வேண்டும். பாண்டுவுக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மூன்று தடவை ஊற்றிவிடுங்கள். பள்ளிக்கூட விஷயம் இப்போது வேண்டாம். பரீட்சை அடுத்த வருஷமும் வரும். பிள்ளை முகம் வாடாமல் இருந்தால் போதும்.

ரயில்வே ஆள் அப்பாதுரை அந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் மல்லாட்டை உருண்டை பன்னிரண்டு கொடுத்திருக்கிறேன். அவர் வாய் சும்மா இருக்காது, பத்து வந்தால் சரியாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு அது.

செண்பகம்

* * *

திண்டிவனம்
16 மே 1938

அன்புள்ள செண்பகத்துக்கு அம்மணி எழுதிக்கொள்வது.

இதைப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி எழுதித் தருகிறாள். பாண்டுவை எழுதச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

உருண்டை வந்தது, ஒன்பது. பாண்டு கையில் வாங்கினான், தின்னவில்லை. "அத்தைக்குத் தெரிஞ்சு போச்சும்மா. என் எழுத்தைப் பார்த்துட்டாங்க" என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதான். எழுத்துக்கும் ஆளுக்கு ஆள் முகம் உண்டு என்று எழுதத் தெரியாத எனக்கு எப்படித் தெரியும்? தனக்கே அம்மை என்று அவன் கையாலேயே எழுத வைத்தேன் பாவி.

பாண்டு பரீட்சையில் தேறவில்லை. கணக்கில் போய்விட்டது. மறுபடி ஐந்தாவதுதான். உங்க அண்ணன் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் பரவாயில்லை, அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார். மண்டியில் வெல்லம் கொடுத்த வாயால் இதை எப்படிச் சொல்வது என்று உனக்குப் பதில் போடவும் விடவில்லை. அம்மை என்று எழுதச் சொன்னது நான்தான். அவர் சொல்லச் சொன்னார் என்று எழுதியதும் பொய்தான், அவருக்கு அது தெரியாது. அம்மை என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நீ கூழ் ஊற்றுவாய் என்று நினைக்கவில்லை.

நீ சொன்னபடியே மூன்று தண்ணியும் ஊற்றினேன். கல்லு மாதிரி கீற புள்ளை வேப்பிலைத் தண்ணியில நடுங்கிக்கினு நின்னான். ஏன் என்று கேட்கவே இல்லை.

இப்போது சொல், செண்பகம். ஒரே வகுப்பு என்றதற்கே யோசித்தேன். இனி அவள் மேலே, அவன் கீழே. ஒரே வீட்டிலிருந்து ரெண்டு பேரும் கிளம்பி ஒரே வாசலில் நுழைந்து ஆளுக்கொரு பக்கம் போவார்கள். "உன் பொண்டாட்டி பெரிய கிளாஸ்டா" என்று தெருப் பசங்க கத்துவானுங்க. நாளைக்கு அவளே, எனக்குக் கீழே படிச்சவனையா கட்டிக்கணும் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அனுப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. அனுப்பாதே என்று சொல்லவும் இனிமேல் வாய் வராது.

அம்மணி

* * *

விழுப்புரம்
20 மே 1938

அன்புள்ள அண்ணிக்குச் செண்பகம் வணக்கம்.

கூழைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பசித்த பிள்ளைகள் குடித்தார்கள், கணக்கு நேராகிவிட்டது. அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பேர் வைத்த அன்றைக்குச் சபையில் சொன்னது அண்ணன். சந்தோஷப்பட்டது நீங்களும் நானும். அந்தப் பேச்சில் பாண்டுவும் இல்லை, தொட்டிலில் கிடந்தவளும் இல்லை. நாம் சொன்னதை நாமே கூறைப் புடவை மாதிரி மடித்துப் பெட்டியில் வைப்போம். இருவரும் வளர்ந்த பிறகு, அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறந்து பார்க்கலாம். அன்றைக்கு அவர்கள் வேண்டாம் என்றாலும் நீங்கள் எனக்கு அண்ணிதான். நானாக முன்கூட்டியே எழுதுகிறேன், நீங்கள் கேட்டு நான் சொன்னதாக இருக்கக் கூடாது. அதுவரைக்கும் தெருவில் யாராவது கேட்டால், "அத்தை பொண்ணு, படிக்க வந்து கீது" என்று மட்டும் பாண்டு சொல்லட்டும்.

அவள் மேலே என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் அவள் எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். தலை பின்னத் தெரியாது. பின்னிவிட்டால் பள்ளிக்கூடம் போவதற்குள் ரிப்பனைத் தொலைப்பாள். இடி இடித்தால் பாயோடு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள். கத்தரிக்காயைத் தட்டுக்கு அடியில் ஒளிப்பாள், தட்டை எடுத்துப் பாருங்கள். கிணற்றில் குடத்தை விட்டால் குடம் உள்ளேயே இருக்கும், கயிறு மட்டும் வரும். யாராவது உரக்கப் பேசினால் பதில் தெரிந்தாலும் வாயை மூடிக்கொள்வாள். புது வகுப்பில் எல்லோரும் பெரிய பிள்ளைகள். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. சாயங்காலம் கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டு வருவாள், கொஞ்சம் தேய்த்துவிட வேண்டும். இதிலெல்லாம் பரீட்சை வைத்தால் அந்த இன்ஸ்பெக்டரே அவளை முதல் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பார். இதற்கு டபிள் புரமோஷன் கிடையாது, அண்ணி. ஒவ்வொரு வகுப்பாக யாராவது கூட இருந்து தாண்ட வைக்க வேண்டும். அதற்குத்தான் உங்களைக் கேட்கிறேன்.

பாண்டு தேறாததை அவளிடம் சொன்னேன். ஸ்லேட்டை எடுத்து, முதல் பாரத்துக்குக் கீழே எழுதியிருந்த இரண்டு பெயரையும் அழித்தாள். ஏன் உன் பெயரையும் அழித்தாய் என்று கேட்டேன். "பாண்டு மாமா கோச்சுக்கினா நான் வரலை" என்றாள்.

அவள் போனால் அவள் பாய் போடுகிற இடத்தில் நெல் குதிர் ஒன்றை நகர்த்தி வைக்கலாமா என்று இவர் கேட்டார். ஒன்றும் வைக்க வேண்டாம் என்றேன்.

அண்ணனைப் பாண்டுவோடு பேசச் சொல்லுங்கள். தங்கை கேட்டதாகச் சொல்லுங்கள்.

செண்பகம்

* * *

திண்டிவனம்
28 மே 1938

அன்புள்ள செண்பகத்துக்கு அம்மணி ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். நிஜமாகவே சுகம்.

மறுபடியும் பாண்டுதான் எழுதுகிறான். உன் கடிதத்தையும் அவனைத்தான் படிக்கச் சொன்னேன். இனிமேல் அவனுக்குத் தெரியாமல் அவனைப் பற்றி இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. உங்க அண்ணன் கதவோரம் நின்றுகொண்டு கேட்டார். படித்து முடிந்ததும் உள்ளே வந்து, "வாடா, மண்டிக்குப் போவலாம்" என்றார். முப்பது நாளோ நாற்பது நாளோ கழித்துப் பேசிய பேச்சு அது. ரெண்டு பேரும் போயிட்டு இருட்டினப்புறம்தான் வந்தாங்க. என்ன பேசினாங்கன்னு கேட்டா, "மல்லாட்டை விலை" என்கிறார்.

உங்க அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஜூன் பதிமூணு திறக்கிறார்கள். ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிக்கினு வந்துடு. சின்னபொண்ணு தலைக்கு நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா? கத்தரிக்காயை நான் பார்த்துக்கறேன். இடி இடித்தால் எனக்கும் பயம்தான், என் பக்கத்திலேயே படுத்துக்கட்டும். அடுப்புல பால் பொங்குது, மீதியை நீயே எழுதுடா.

அம்மணி

அத்தைக்குப் பாண்டுரங்கன் நமஸ்காரம். அம்மா எழுந்து போய்விட்டார்கள். இது நானாக எழுதுவது. தாளில் முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன், தலையைச் சாய்க்க வேண்டாம்.

எனக்குக் கோபம் இல்லை என்று சின்னபொண்ணிடம் சொல்லுங்கள். முதலில் கொஞ்சம் இருந்தது. எனக்கு அம்மை என்று நினைத்து அவள் அழுதாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் போய்விட்டது. தெருவில் தாண்டவராயன் ஏதோ சொன்னான். அத்தை சொல்லச் சொன்னதையே சொன்னேன். அவனுக்கு மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

நேற்று பள்ளிக்கூடத்துக்குப் போய் முதல் பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கே குதிகால் தரையில் படவில்லை. அவளுக்கு எட்டவே எட்டாது. அதனால் அப்பா மண்டியிலிருந்து எடுத்துத் தந்த பலகையில் கால் வைக்க ஒரு சின்ன முக்காலி அறுத்து வைத்திருக்கிறேன். தினமும் நானே தூக்கிக்கொண்டு போய் அவள் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு என் வகுப்புக்குப் போவேன். வாத்தியாரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரியாததால் முக்காலியின் கால்களை மட்டும் இன்னும் வெட்டவில்லை. அவளை எதன் மேலாவது உட்கார வைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரைக்கும் நூல் பிடித்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள், அத்தை.